ஆய்வுக் கட்டுரை எழுத ஏஐ: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, எப்படிச் சொல்ல வேண்டும்

திருவாரூர்ப் பக்கம் நேரடி நெல் விதைப்பையும் மண்ணின் உவர்ப்பையும் பற்றி பி.எச்.டி. செய்யும் ஒருவரின் கேள்வி இது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். வயல் வேலை, லேப் வேலை எல்லாம் முடித்துவிட்டார். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒரு பத்திக்கு ஒரு நாள் போகிறது. சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தினால் தவறா? கைடு, "பயன்படுத்திக்கோ, ஆனால் வெளியே சொல்லாதே" என்கிறார். உடன் படிப்பவர்கள், "சாஃப்ட்வேர் பிடித்துவிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். இதற்கிடையில் ஒரு கட்டுரையை ஏற்கெனவே ஜர்னலுக்கு அனுப்பியும் ஆகிவிட்டது.

ஆங்கிலத்தைத் திருத்த ஏஐ-யைப் பயன்படுத்துவது தவறில்லை. பயன்படுத்தியதை மறைப்பது தவறு. நீங்கள் சரிபார்க்காத ஒன்றை உங்கள் பெயரில் வெளியிடுவது அதைவிடப் பெரிய தவறு. எல்லை எங்கே என்று குழப்பம் வரும்போது வைவாவை, அதாவது தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வை, நினைத்துக்கொள்ளுங்கள். வெளித்தேர்வாளர் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து "இது எங்கிருந்து வந்தது, ஏன் இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், யாரையும் பார்க்காமல், எதையும் திறக்காமல் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத வரி கட்டுரையில் இருக்கக் கூடாது. அதை எழுதியது ஏஐ-யா, சீனியரா, டி.டி.பி. சென்டர்காரரா என்பது அடுத்த கேள்வி.

முதலில் விதிகள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைதான் இந்தியாவில் தீசிஸுக்கு அடிப்படை. ஏஐ பரவலாக வருவதற்கு முந்தையது என்பதால் அதில் ஏஐ பற்றிப் பேச்சில்லை. பிறருடைய வேலையையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது குற்றம் என்கிற வரையறை இருக்கிறது. ஜர்னல்களின் நிலை இன்னும் தெளிவு. கோப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிப்பு நெறிமுறைக் குழு 2023 பிப்ரவரியிலேயே, ஏஐ கருவியை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க முடியாது என்று அறிவித்தது. காரணம் எளிது: அது எழுதியதற்குப் பொறுப்பேற்காது, காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாது, நலன் முரண்பாடு உண்டா இல்லையா என்று உறுதிமொழி தராது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் 2024 ஜனவரியில் தன் பரிந்துரையில் இரண்டு இடங்களைப் பிரித்துக் காட்டியது. எழுத்துக்கு உதவி பெற்றிருந்தால் நன்றியுரையில் சொல்ல வேண்டும். தரவுப் பகுப்பாய்வுக்கோ படம் வரையவோ பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில் சொல்ல வேண்டும். எல்செவியர் போன்ற பதிப்பகங்கள் மேற்கோள் பட்டியலுக்கு முன்னால் தனி அறிவிப்பே கேட்கின்றன. எழுத்துப்பிழை, இலக்கணம் மட்டும் பார்க்கும் சாதாரணத் திருத்தத்துக்கு அறிவிப்பு தேவையில்லை என்று சொல்லும் ஜர்னல்களும் உண்டு. ஆகவே ஜர்னலைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் படிக்க வேண்டியது அதன் ஆசிரியர் வழிகாட்டியில் ஏஐ பற்றிய பத்தியை. நீங்கள் படித்த தேதியையும் குறித்து, அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இனி மொழித் திருத்தம். உங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய உதவி இங்கேதான் இருக்கிறது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தமிழ் வழியில் படித்து வந்தவர், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவரோடு ஒரே ஜர்னலில் போட்டி போடுகிறார். முன்பு பணம் இருந்தவர்கள் மொழித் திருத்தச் சேவைக்குக் கொடுத்தார்கள். அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. ஏஐ அந்த உதவியைப் பணமில்லாதவருக்கும் தருகிறது என்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் திருத்தும் முறை முக்கியம்.

முதல் வரைவு உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுங்கள். வாதம் உங்களுடையதாக இருந்தால் போதும். தலைப்பை மட்டும் கொடுத்து "முன்னுரை எழுதித் தா" என்று கேட்காதீர்கள். முழுக் கட்டுரையை ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். நூற்றைம்பது, இருநூறு சொற்கள் கொண்ட ஒரு பத்தியாகக் கொடுங்கள். கட்டளை இப்படி இருக்கட்டும்: "இலக்கணத்தையும் வாக்கிய அமைப்பையும் மட்டும் திருத்து. எண், அலகு, கலைச்சொல், மேற்கோள் எதையும் மாற்றாதே. புதிய கருத்து எதையும் சேர்க்காதே. மாற்றிய இடங்களை வரிசையாகக் காட்டு." வந்ததை அப்படியே ஒட்டாமல், மூலத்தையும் திருத்தியதையும் வேர்டில் ரிவ்யூ பகுதியில் உள்ள கம்பேர் வசதியில் போட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் பாருங்கள். மாற்றியவற்றின் பட்டியலை ஏஐ தானே தந்தாலும் அதை நம்ப வேண்டாம். சொல்லாமல் மாற்றியதும் இருக்கும்.

என்னென்ன மாறிப்போகும்? முதலாவது, உறுதியின் அளவு. "தொடர்பு இருக்கலாம்" என்று நீங்கள் அடக்கமாக எழுதியது "காரணமாகிறது" என்று வந்து நிற்கும். பி மதிப்பு 0.06 என்று அட்டவணை சொல்லும் (வழக்கமாக 0.05-க்குக் கீழே இருந்தால்தான் வேறுபாடு குறிப்பிடத்தக்கது). பத்தி "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று சொல்லும். ரிவ்யூவர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

இரண்டாவது, நம் ஊர்ப் பருவம். குறுவை, சம்பா, தாளடி என்று நீங்கள் எழுதியதை வடஇந்தியக் கணக்கில் காரிஃப், ரபி என்று ஏஐ மாற்றிவிடும். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடியும் குறுவையைக் காரிஃப் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் அறுப்பாகும் சம்பாவை எந்தப் பக்கம் தள்ளுவது? குறுவை அறுத்த வயலிலேயே நடும் தாளடியோடு சம்பாவைச் சேர்த்து ஒரே ரபியாக்கிவிட்டால், உங்கள் ஆய்வின் முக்கியமான வேறுபாடே அழிந்துபோகும். பருவப் பெயரை அப்படியே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் மாதங்களைக் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, மண்ணின் உவர்ப்பு. உங்கள் தலைப்பே இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் மண் ஆய்வுக்கூடங்களில் உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனைப் பெரும்பாலும் ஒரு பங்கு மண், இரண்டரைப் பங்கு நீர் கலந்த கரைசலில் அளக்கிறார்கள். உவர் மண் என்று சொல்ல உலகம் முழுவதும் எடுத்தாளும் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்கிற எல்லையும், நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் அளவாக மாஸும் ஹாஃப்மனும் 1977-இல் தந்த 3 என்கிற அளவும் நிறைவுற்ற மண்பசையிலிருந்து எடுத்த சாற்றுக்கு உரியவை. இரண்டும் வேறு வேறு அளவுகள். நீர் அதிகம் சேர்ந்த கரைசலில் எண் குறைவாகத்தான் வரும். நீங்கள் "மின்கடத்துத்திறன் 1.6" என்று எழுதியிருப்பீர்கள், ஏஐ அழகாக மெருகேற்றி, "4 என்கிற உவர் எல்லைக்குக் கீழே இருப்பதால் நெல்லுக்குப் பாதிப்பில்லை" என்று ஒரு வாக்கியத்தைத் தானாகச் சேர்த்துவிடும். படிக்க நன்றாக இருக்கும், பொருள் தவறு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வயலுக்கு இப்படி ஒரு முடிவு அச்சில் போனால், அதை மேற்கோள் காட்டி அடுத்தவர் எழுதுவார். எந்த விகிதத்தில் அளந்தீர்கள் என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் போடுங்கள். திருத்தி வந்த பிறகும் அது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

விளைச்சல் கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. விவசாயி "மாவுக்குப் பத்து மூட்டை" என்கிறார். மூன்று மா ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 30 மூட்டை. அவர் சொல்வது 60 கிலோ மூட்டை என்றால் ஏக்கருக்கு 1,800 கிலோ, ஹெக்டேருக்கு 4.45 டன். ஏஐ-யிடம் மாற்றித் தரச் சொன்னால் மூட்டையை 75 கிலோ என்று அதுவே வைத்துக்கொண்டு 5.56 டன் என்று போடலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையாக எடுத்தால் 2.97 டன்தான். ஒரே வாக்கியத்திலிருந்து மூன்று விளைச்சல் வந்துவிடுகிறது. கேள்வித்தாளிலேயே "மூட்டை எத்தனை கிலோ" என்று ஒரு கட்டம் வையுங்கள். கணக்கை எக்செல்லில் நீங்களே போடுங்கள்.

மேற்கோள்களுக்கு வருவோம். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஏஐ தரும் மேற்கோள்களில் மூன்று வகைப் பிழை வரும். இல்லவே இல்லாத கட்டுரை ஒரு வகை. உண்மையான ஆசிரியர், உண்மையான ஜர்னல், ஆனால் தலைப்போ ஆண்டோ பக்கமோ கற்பனை என்பது இரண்டாவது வகை. கட்டுரை உண்மை, ஆனால் நீங்கள் எழுதிய கருத்தை அது சொல்லவே இல்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். மூன்றாவதைப் படித்தால்தான் பிடிக்க முடியும். அதனால்தான் அது ஆபத்து.

சரிபார்க்கும் வரிசை இது. கட்டுரைக்கென்று உள்ள நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.-யை டி.ஓ.ஐ. தளத்தில் போட்டு, வரும் பக்கத்தின் தலைப்பும் ஆசிரியரும் ஒத்துப்போகிறார்களா என்று பாருங்கள். எண் வேறு ஏதோ ஒரு கட்டுரைக்குப் போனால், வந்தது கற்பனை என்று வைத்துக்கொள்ளலாம். டி.ஓ.ஐ. இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, கட்டுரைகளின் பதிவுத்தளமான கிராஸ்ரெஃபிலும் கூகுள் ஸ்காலரிலும் தேடுங்கள். கிடைத்ததும் பி.டி.எஃப்.-ஐத் திறந்து, நீங்கள் சொல்லும் கருத்து எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று ஜோட்டரோ, மெண்டலே போன்ற மேற்கோள் சேகரிக்கும் மென்பொருளில் குறிப்பாக எழுதி வையுங்கள். கடைசியாக, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தொகுத்த தரவுத்தளம் 2023-இலிருந்து கிராஸ்ரெஃபிடம் இருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். அந்த 2023-இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இது வீண் வேலை அல்ல.

டெல்டாவைப் பற்றி எழுதுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. இணையத்தில் நூல்கள் குறைவாக இருக்கும் தலைப்பில்தான் ஏஐ அதிகம் இட்டுக்கட்டுகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய அறிக்கைகள், பொதுப்பணித்துறையின் பாசனக் குறிப்புகள், பருவப் பயிர் அறிக்கைகள், 1906-இல் வெளிவந்த தஞ்சை மாவட்ட கெசட்டியர் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால், பக்க எண்ணோடு சரளமாகப் பதில் வரும். பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கும். வரலாறு, தமிழ்த் துறையினருக்கும் இதே நிலைதான். பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி இரண்டில் இருக்கின்றன. ஏஐ தரும் கல்வெட்டு எண்ணையும் சங்கப் பாடல் எண்ணையும் அச்சுப் பதிப்பில் பார்க்காமல் எழுதவே வேண்டாம். ஓலைச்சுவடிப் படத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் அப்படித்தான். தெரியாத எழுத்தை அது தெரியாது என்று விடுவதில்லை, பொருத்தமாக ஒன்றை நிரப்பிவிடுகிறது. சரசுவதி மகாலில் உட்கார்ந்து சுவடியைப் படிக்கும் வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது.

முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் லிட்டரேச்சர் ரிவ்யூவுக்கு ஏஐ தேடல் கருவிகளைப் பயன்படுத்தலாம். எதைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க மட்டும். சுருக்கத்தைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததாக மேற்கோள் காட்டாதீர்கள்.

புள்ளியியல் பகுப்பாய்வுக்கு ஆர் அல்லது பைத்தானில் நிரல் எழுத ஏஐ நிஜமாகவே உதவும். ஆனால் வேளாண் ஆய்வில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் ஸ்பிளிட் பிளாட் அமைப்பில், அதாவது பெரிய பாத்திகளை (மெயின் பிளாட்) சிறு பாத்திகளாக (சப் பிளாட்) பிரித்து, ஆய்வு செய்திருப்பீர்கள்: விதைப்பு முறை மூன்று, அவை மெயின் பிளாட்டில், தழைச்சத்து அளவு நான்கு, அவை சப் பிளாட்டில், ரெப்ளிகேஷன் (அதே அமைப்பைத் திரும்பச் செய்வது) மூன்று. "இரண்டு காரணிகள், மூன்று ரெப்ளிகேஷன்" என்று மட்டும் சொன்னால் ஏஐ சாதாரண ஃபேக்டோரியல் நிரலை எழுதித் தரும். நிரல் பிழையில்லாமல் ஓடும், அட்டவணையும் வரும். ஆனால் அதில் எரர், அதாவது பிழைக்கான வரிசை, ஒன்றுதான் இருக்கும், அதன் டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் 22. சரியான ஸ்பிளிட் பிளாட் அட்டவணையில் எரர் இரண்டு: மெயின் பிளாட்டுக்கு 4, சப் பிளாட்டுக்கு 18. ஒரே எரரை வைத்துச் சோதித்தால், மெயின் பிளாட்டில் இருக்கும் விதைப்பு முறைக்கு இல்லாத முக்கியத்துவம் வந்துவிடும். உங்கள் ஆய்வின் தலைப்பே விதைப்பு முறை என்றால் முடிவே தலைகீழாகலாம். அதனால் நிரலை ஓட்டுவதற்கு முன் அட்டவணையின் சட்டத்தைக் கையால் எழுதி வையுங்கள். பிறகு பாடப்புத்தகத்தில் விடையோடு இருக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவந்த பின் உங்கள் தரவைப் போடுங்கள். விடுபட்ட மதிப்புகளை நிரல் என்ன செய்தது என்றும் பாருங்கள். சில நிரல்கள் அந்த வரிசையையே சத்தமில்லாமல் தள்ளிவிடும். மழையில் மூழ்கிப்போன பிளாட்டின் விளைச்சலை "நியாயமாக ஓர் எண் போட்டுத் தா" என்று கேட்பது தரவைப் புனைவது. அதற்கு மன்னிப்பு கிடையாது. பிளாட் போனது போனதுதான்; அதைக் கட்டுரையில் சொல்லி, அதற்குரிய முறையில் பகுப்பாய்வு செய்யுங்கள்.

படங்களுக்கும் இதே கண்டிப்பு. இலைக்கருகல் நோய்ப் படம், நுண்ணோக்கிப் படம், வயல் புகைப்படம் என எதையும் ஏஐ-யால் உருவாக்கவோ "தெளிவாக்கவோ" கூடாது. நேச்சர் இதழ் 2023-லேயே இத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. வரைபடத்தையும் கேட்காதீர்கள்: முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதும் கல்லணையில் வெண்ணாறு பிரிவதும் ஏஐ வரையும் படத்தில் இடம் மாறியிருக்கும், அரசலாறு கடலுக்குப் போகாமலே நின்றுவிடும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் உண்மையான தரவை வைத்து வரையுங்கள்.

அடுத்து, விவசாயிகளின் தகவல். இதைப் பற்றித்தான் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் நேர்காணலில் பேசியவர் உங்களிடம் பேசினார்; ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் பேசவில்லை. பெயர், கைபேசி எண், பட்டா எண், சர்வே எண், கடன் விவரம், குத்தகைத் தகராறு எதையும் அப்படியே ஏஐ-யில் ஒட்டாதீர்கள். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்: "ஆய்வுக்கு மட்டும் பயன்படும்" என்று எழுதியிருந்தால் அது வாக்கு. பெயருக்குப் பதில் குறியீடு போட்டு, ஊருக்குப் பதில் ஒன்றியத்தின் பெயரைப் போட்டு, குறியீட்டுப் பட்டியலைத் தனிக் கோப்பில் வையுங்கள். அதோடும் விடாதீர்கள்: "கோட்டூர் ஒன்றியத்தில் கணவரை இழந்து, ஐந்து ஏக்கரில் தனியாகச் சாகுபடி செய்யும் பெண்" என்றால் பெயர் வேண்டியதே இல்லை, ஊரே சொல்லிவிடும். அடையாளம் காட்டும் விவரங்கள் சேரும் இடத்தில் ஒன்றிரண்டை நீக்குங்கள். உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதி கருவியின் அமைப்புகளில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆடியோவை எழுத்தாக்கும் கருவிகள் நம் வட்டாரப் பேச்சில் தடுமாறும். வெளிவந்த எழுத்தை ஆடியோவோடு சேர்த்து முழுக்கக் கேட்டுத் திருத்துவது தவிர வழியில்லை. கைடின் வெளியிடாத தரவு, வேறு திட்டத்தின் தரவு ஆகியவற்றுக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக ஒன்று. ஜர்னலிலிருந்து கைடுக்கு ரிவ்யூவுக்கு வந்த மேனுஸ்கிரிப்டை, "நீயே பார்த்து எழுதிக் கொடு" என்று ஸ்காலரிடம் தருவது நடக்கிறது. அதை ஏஐ-யில் ஏற்றாதீர்கள். அது இன்னொருவரின் வெளியாகாத வேலை. ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டுதான் ரிவ்யூவர் அதை வாங்குகிறார். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் மதிப்பீட்டாளர்களுக்கு 2023-இல் இதைத் தடை செய்தது.

"சாஃப்ட்வேர் பிடிக்கும்" என்கிற பயத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒற்றுமைச் சோதனை என்பது உங்கள் வரிகள் வேறெங்கும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. 2018 ஒழுங்குமுறையில் அதற்குப் படிகள் உண்டு: தீசிஸில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள் பட்டியல், முறையாகச் சுட்டிய மேற்கோள், பொதுவாக வழங்கும் 14 சொற்கள் வரையிலான தொடர் ஆகியவை கணக்கில் வராது. இந்த எண்ணைக் குறைக்கத்தான் பலர் ஏஐ-யிடமோ பாராஃப்ரேஸ் கருவியிடமோ கொடுத்து வரிகளைத் திருகுகிறார்கள். அதன் விளைவை பிரான்ஸின் கியோம் கபனாக் குழுவினர் 2021-இல் அம்பலப்படுத்தினார்கள்: "ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பது "கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" (போலி உணர்வு) என்று மாறியிருந்தது, "பிரெஸ்ட் கேன்சர்" என்பது "பூஸம் பெரில்" (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது. அப்படிப்பட்ட சொற்கள் உள்ள கட்டுரைகளை இன்று தானியங்கி முறையிலேயே தேடி எடுக்கிறார்கள். எண்ணைக் குறைக்க ஒரே நேர்வழி, மூலத்தைப் படித்து மூடிவைத்துவிட்டு, புரிந்ததை எழுதி, மேற்கோள் கொடுப்பது.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வேறு. அது ஊகம் மட்டுமே. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஏஐ எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ என்று சொன்னது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொல், அளவான வாக்கியம் என்று எழுதுகிறவர் மேல்தான் இந்தப் பழி அதிகம் விழுகிறது. நம் மாணவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் பாதுகாப்புக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகவே இருக்கும். வேர்டு என்றால் வாரம் ஒரு பிரதியைத் தேதியோடு சேமியுங்கள். கையெழுத்துக் குறிப்பு, வயல் நோட்டு, லேப் நோட்டு எதையும் வைவா முடியும் வரை எறியாதீர்கள். ஏஐ-யிடம் கேட்டதும் வந்ததும் ஒரு கோப்பில் இருக்கட்டும்: தேதி, கருவியின் பெயர், பதிப்பு, எந்தப் பகுதி, என்ன கேட்டீர்கள், எதை ஏற்றுக்கொண்டீர்கள். "மனிதர் எழுதியதுபோல மாற்றித் தரும்" கருவிகளைத் தொடாதீர்கள். மறைக்க முயன்றதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

அறிவிப்பை எழுதுவது கடினமில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் சாரம் இது: "இக்கட்டுரையின் முன்னுரை, விவாதம் ஆகிய பகுதிகளில் ஆங்கில நடையைத் திருத்த இன்ன கருவியின் இன்ன பதிப்பு, இன்ன மாதங்களில் பயன்படுத்தப்பட்டது. பகுப்பாய்வு நிரலின் முதல் வரைவும் அதன் உதவியோடு எழுதப்பட்டு, விடை தெரிந்த தரவைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. தரவு, முடிவுகள், மேற்கோள்கள் எவையும் அக்கருவியால் உருவாக்கப்படவில்லை. உள்ளடக்கம் முழுவதையும் ஆசிரியர்கள் படித்துச் சரிபார்த்து, அதற்குப் பொறுப்பேற்கிறார்கள்." கடைசி வரி உண்மையாக இருக்க வேண்டும். 2024-இல் ஒரு பன்னாட்டு ஜர்னலில், "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ" என்கிற ஏஐ-யின் பதிலோடேயே ஒரு கட்டுரையின் முன்னுரை அச்சானது. ஆசிரியர்கள், ரிவ்யூவர், எடிட்டர் யாரும் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை என்பது அதில் தெரிந்துபோனது. தீசிஸில் இதே அறிவிப்பை ஆய்வுமுறை அத்தியாயத்தில் ஒரு பத்தியாக வையுங்கள். தீசிஸ் பின்னால் இந்தியத் தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் ஏறி, யாரும் எப்போதும் படிக்கும்படி இருக்கப்போகிறது.

கைடு "சொல்லாதே" என்றால் என்ன செய்வது? பெரும்பாலும் அவர் பயத்தில் சொல்கிறார். சொன்னால் கட்டுரை திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறார். வாதாட வேண்டாம். ஜர்னலின் விதி உள்ள பக்கத்தையும் மேலே சொன்ன நான்கு வரிகளையும் சேர்த்து, "சார், இந்த ஜர்னல் இப்படிக் கேட்கிறது, இதைச் சேர்த்து அனுப்பட்டுமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மொழித் திருத்தத்துக்கான அறிவிப்பை ஜர்னலே கேட்கும்போது, அதைக் கொடுத்ததற்காகக் கட்டுரையைத் தள்ளுவதில் பொருள் இல்லை. மறைத்தது பின்னால் தெரிந்தால், திருத்தம், விசாரணை, திரும்பப் பெறுதல் வரை போகலாம், கரஸ்பாண்டிங் ஆத்தராக (ஜர்னலோடு தொடர்பு கொள்ளும் ஆசிரியராக) இருக்கும் கைடின் பெயரும் சேர்ந்து போகும். இதை அவரிடம் பணிவாகச் சொல்லலாம். அப்படியும் மறுத்தால் துறைத்தலைவரிடமோ ஆய்வு ஆலோசனைக் குழுவிலோ பொதுவான கேள்வியாக, "நம் துறையில் இதற்கு என்ன நடைமுறை?" என்று கேளுங்கள். யார் பெயரையும் இழுக்காமல் விஷயம் பதிவாகிவிடும். கூட்டு ஆசிரியர்கள் எல்லோருக்கும் அறிவிப்பின் பிரதி போக வேண்டும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்ட கட்டுரைக்கு: முதலில் இன்றைக்கே உட்கார்ந்து அதிலுள்ள மேற்கோள்கள் அத்தனையையும் மேலே சொன்ன வரிசையில் சரிபாருங்கள். ஸ்பிளிட் பிளாட் அட்டவணையில் எரர் இரண்டு இருக்கிறதா, மின்கடத்துத்திறனின் விகிதம் எழுதியிருக்கிறதா, மூட்டைக் கணக்கு சரியா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால், கைடிடம் சொல்லிவிட்டு, மேனுஸ்கிரிப்ட் எண்ணைக் குறிப்பிட்டு எடிட்டருக்கு நான்கு வரி எழுதுங்கள்: மொழித் திருத்தத்துக்கு இன்ன கருவி பயன்பட்டது, அனுப்பும்போது குறிப்பிடத் தவறிவிட்டோம், அறிவிப்பை இத்துடன் இணைத்திருக்கிறோம். ரிவ்யூவில் இருந்தால் ரிவிஷனின்போது சேர்க்கச் சொல்வார்கள். புரூஃப் நிலையில் இருந்தால் அங்கேயே சேர்க்கலாம். மேற்கோள் ஒன்றேனும் கற்பனை என்று தெரிந்தால், அல்லது பகுப்பாய்வு தவறென்று தெரிந்தால், அறிவிப்பு மட்டும் போதாது. எந்த இடம் தவறு, சரியானது என்ன, முடிவு மாறுகிறதா என்று எழுதித் திருத்திய பிரதியை அனுப்புங்கள். முடிவே மாறுகிறது என்றால், ரிவ்யூ முடிவதற்கு முன் கட்டுரையை நீங்களே திரும்பப் பெற்று, சரிசெய்து மறுபடி அனுப்புங்கள்.